பங்கு பிரிக்காத கால்

அக்கா பஸ்ஸில் ஏறினால் முன்வரிசையில், வலது காலை நடைபாதைக்குள் நீட்டியபடிதான் உட்காருவார். ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோருக்கும் 'பார்தோன், பார்தோன்' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். யாரும் அந்தக் காலில் தடுக்குவதற்கு முன்னரே மன்னிப்புக் கேட்டு முடித்துவிடுவார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சே அந்தச் சொல்லும், ஒரு மெர்சியும், ஒரு போன்ஜூரும்தான்.

அந்தக் கால் ஏன் மடங்காமல் போனது என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. ஒரு டொக்டர் ஒரு காரணம் எழுதினார். இன்ஷூரன்ஸ்காரரின் டொக்டர் வேறொரு காரணம் எழுதினார். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அது நான்தானோ என்று இருபத்தைந்து வருடமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மூன்று தட்டு வீடு. மேல்தட்டில் அக்கா தனியாக இருந்தார். நடுத்தட்டில் நானும் இன்னும் இரண்டு யாழ்ப்பாணத்துப் பொடியன்களும். கீழே வீட்டுக்காரரான கிரேக்கக் கிழவர். அக்கா மட்டக்களப்புப் பக்கம். புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். தையல் தொழிற்சாலை ஒன்றில் சட்டைக்குக் கொலர் வைக்கிற வேலை. நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஆனால் ஏழு மாதம் அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்புக்குப் போயிருந்தேன். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூதான் சர்க்கரை. அந்த வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் என்னிடம்தான் வரும், நானும் கண்ணாடி போட்ட பெரிய மனிதன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பேன். பாதி விளங்கும். மீதியை நானே எழுதிக்கொள்வேன்.

தன்னால் ஒருவருக்கும் நட்டம் வரக்கூடாது என்பது அக்காவுக்கு ஒரு நோய் மாதிரி. அப்படித்தான் நான் அப்போது நினைத்தேன். ஒருமுறை நானும் அவரும் சேர்ந்து இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கினோம். பாதி எனக்கு, பாதி அவருக்கு. மூட்டை அவர் வீட்டில் இருந்தது. நான் அன்றைக்கே ஒரு கலியாணத்துக்கென்று டொரொன்டோ போய் நாலு நாள் நின்றுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மூட்டை தைத்தது தைத்தபடி இருக்கிறது. மனுஷி நாலு நாளும் சோறில்லாமல் பாண் தின்றிருக்கிறார். பிரித்து எடுத்திருக்கலாமே, உங்களுடைய பாதியைத்தானே எடுக்கப்போகிறீர்கள் என்று நான் எரிந்து விழுந்தேன்.

"எது என்ட பாதி, எது உன்ட பாதியெண்டு மூட்டைக்குள்ள கோடு கீறியா கிடக்கு மனே?" என்றார். வயது குறைந்தவர்களெல்லாம் அவருக்கு 'மனே', மகன்தான்.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். ஐந்து பெண்கள் காசு சேர்த்து ஒரு சுரண்டல் லொத்தர் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். அதைச் சுரண்டுவதற்குள் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் சுரண்டுவோம் என்றார்களாம், அக்கா விடவில்லை. டிக்கெட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், பிள்ளை பிறந்த மறுநாள் தாய்க்காரியின் கட்டிலில் வைத்துத்தான் சுரண்டினார்கள். இன்னொரு டிக்கெட் இலவசம் என்று வந்தது. அதையும் சேர்ந்துதான் சுரண்ட வேண்டும் என்று அக்கா சொல்ல, அந்தப் பெண்கள் அதன்பிறகு அவருடன் கூட்டுச் சேரவில்லை.

இப்படிப்பட்ட மனுஷிதான் ஒரு மாசி மாதம் காலையில் வேலைக்குப் போக இறங்கும்போது, வெளியே இருக்கிற இரும்புப் படியில் ஒன்று துருப்பிடித்து உடைந்து, ஒரு தட்டு உயரத்திலிருந்து விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. ஒப்பரேஷன் செய்து, தொடைவரை பிளாஸ்டர் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

வழக்குப் போடச் சொன்னதே வீட்டுக்காரக் கிழவர்தான். ஒரு பை தோடம்பழத்துடன் மேலே ஏறிவந்து, நான் இருபது வருடமாக இன்ஷூரன்ஸ் கட்டுகிறேன், இதற்காகத்தான் கட்டுகிறேன், என் மேலே கேஸ் போடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அக்காவுக்கு அது விளங்கவே இல்லை. அந்த மனிதரின் பழத்தைத் தின்றுகொண்டு அவரைக் கோர்ட்டுக்கு இழுப்பதா? காசு கட்டப்போவது இன்ஷூரன்ஸ் கொம்பனி, கிழவரின் சட்டைப்பைக்குள் யாரும் கை விடப்போவதில்லை என்று நான் ஒரு கிழமை பாடமெடுத்த பிறகுதான் ஓம் என்றார்.

ஜோன்-தலோன் வீதியில், சப்பாத்துத் திருத்துகிற கடைக்கு மேலே ஒரு சட்டத்தரணி இருந்தார். முன்பணம் கேட்கமாட்டார் என்று கேள்விப்பட்டுப் போனோம். முப்பது வயதுக்குள் இருக்கும், இந்த நகரத்திலேயே பிறந்த பிரெஞ்சுக்காரர், கழுத்துப்பட்டி ஒரு பக்கம் சரிந்தபடி. பிளாஸ்டர் காலும் ஊன்றுகோலுமாக அக்கா அந்தப் படியேறி முடிய அரைமணி நேரம் ஆனது. அவர் எனக்காக மெதுவாகத்தான் விளக்கினார். இப்போது ஒரு சதமும் தர வேண்டாம். வழக்கில் வென்றாலும், அதற்கு முன்னரே சமாதானமாக முடிந்தாலும், வருகிற காசில் நூற்றுக்கு முப்பது அவருக்கு. ஒன்றும் வராவிட்டால் அவருடைய உழைப்புக்கு ஒன்றும் இல்லை. இவ்வளவும் எனக்கு நன்றாக விளங்கியது. அதன்பிறகு டொக்டரின் அறிக்கை, கோர்ட்டுக் கட்டணம் என்று ஏதோ ஒரு பட்டியல் சொன்னார். அந்த இடத்தில் எனக்குத் தெரியாத சொற்கள் நாலைந்து வந்துவிட்டன. தெரியாது என்று சொன்னால் என் மரியாதை என்னாவது? தலையை ஆட்டிவிட்டு அதை அக்காவுக்குச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

"தோத்தா?" என்று அக்கா கேட்டார்.

"தோத்தா அவருக்கு ஒண்டுமில்லை அக்கா."

"ரெண்டு வருசம் பாடுபட்டாலுமா?"

"ஓம். அதுதான் ஒப்பந்தம்."

அக்கா அந்த லோயரைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏமாற்றப்பட்ட ஒருவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். கலியாணம் முடித்துவிட்டாரா என்று கேட்கச் சொன்னார். லோயரிடம் அப்படிக் கேட்கக்கூடாது என்றேன். கேள் என்றார். கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு மேசையிலிருந்த படத்தைத் திருப்பிக் காட்டினார். ஆறு மாதப் பெண்குழந்தை ஒன்று, பல்லில்லாத வாயைத் திறந்தபடி. அன்றிலிருந்து அவர் அக்காவுக்கு 'லோயர் தம்பி' ஆகிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது டக்ஸிக்குள் வைத்து அக்கா தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றார்.

"எங்கட பக்கம் வயல் செய்யிறதும் இதுதானே மனே. காணி, காணிக்காரப் போடியார்ர. பாடுபடுறது மத்தாள். விளைஞ்சாப் பங்கு. வெள்ளம் வந்தா ரெண்டு பேருக்கும் இல்ல. ஆனா பங்கு பிரிக்க முதல் களத்தில இருந்து ஒரு பிடி நெல்லு எடுத்தாலும் அது களவு."

எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு சிக்கலான சட்ட விஷயத்தை ஒரு மனுஷிக்கு இப்படி விளங்க வைத்துவிட்டேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இந்த வழக்கில் எது காணி, எது விளைச்சல் என்று அவர் யோசித்து வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வைகாசியில் பிளாஸ்டர் கட்டை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள், வீட்டில் செய்வதற்குப் படம் போட்ட ஒரு கடதாசியும் கொடுத்தார்கள். காலையில் பத்துத்தரம், மாலையில் பத்துத்தரம் முழங்காலை முடக்கி நீட்ட வேண்டும். முதல் இரண்டு கிழமை அக்கா ஒழுங்காகச் செய்தார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒண்டு, ரெண்டு என்று எண்ணுவார். கால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மடிந்துகொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கிக்கொண்டு மேலே போனேன். எட்டாவதோ ஒன்பதாவதோ எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இராது.

"கவனம் அக்கா. கால் கெதியாச் சுகப்பட்டா லோயருக்குத்தான் நட்டம்" என்றேன்.

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பாலை வாங்கிக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். களைத்துப்போனார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்ததில்லை. நான் போகும் நேரங்கள் மாறியதால் இருக்கலாம். அந்தக் கடதாசி மட்டும் சுவாமிப் படத்துக்குப் பின்னால், மடித்தபடி செருகிக் கிடந்தது. பயிற்சிக்குப் போகவில்லையா என்று ஒன்றிரண்டு தரம் கேட்டேன். "நோகுது மனே, மறுகா பாப்பம்" என்பார். அந்த மறுகா வரவே இல்லை.

ஒரு வருடம் கழித்து லோயர் அனுப்பிய டொக்டர் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு நிரந்தர இயலாமை நூற்றுக்கு எட்டு என்று எழுதினார். அக்காவுக்குத் தலை சுற்றிவிட்டது.

"எட்டுத்தானே கிடக்கு. அதில இருந்து லோயர் தம்பி முப்பதை எப்பிடி மனே எடுக்கிறது?"

எட்டு உடம்புக்கு, முப்பது காசுக்கு என்று நான் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே குழம்பியது. கடைசியில் அவரே பிடித்துக்கொண்டார். எட்டுக் கூடினால் காசு கூடும், காசு கூடினால் முப்பதும் கூடும், அப்படித்தானே என்றார். ஓம் என்றேன். எட்டுக் குறைந்தால்? எல்லாம் குறையும் என்றேன். தலையாட்டினார். அவர் கேட்டது கணக்கு அல்ல, அனுமதி என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, அப்பாடா விளங்கிவிட்டது என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பின்னர் இன்ஷூரன்ஸ்காரர் அக்காவைத் தங்கள் டொக்டரிடம் காட்டினார்கள். அந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பதிவெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறார். இந்த அம்மா நாலு தரம் போனபிறகு பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார், வீட்டிலும் செய்ததாகத் தெரியவில்லை, கால் விறைத்ததில் பாதிக்கு மேல் அவருடைய பிழைதான் என்று எழுதிவிட்டார். நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிக்கும் குறைவான ஒரு தொகையைத் தருவதாகக் கடிதம் வந்தது.

லோயர் எங்களைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டார். அக்கா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு நீளமாகச் சொன்னார். களத்தைச் சொன்னார், போடியாரைச் சொன்னார், அரிசி மூட்டையைக்கூடச் சொன்னார்.

"இந்தக் காலில தம்பிக்கும் பங்கு கிடக்கு. பிரிக்க முதல் நான் மட்டும் சுகப்பட்டா அவர்ர பங்கில கை வைச்ச மாதிரி. கைப்பிள்ளைக்காரன். அவருக்கு நான் நட்டம் வைக்கலாமா?"

என்னால் அதை அப்படியே சொல்ல முடியவில்லை. ஏழு மாத வகுப்பில் இதற்கெல்லாம் சொல் சொல்லித் தரவில்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், அந்தக் கதைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பால் பெட்டியும் இருந்தன. அக்கா அதைச் சொல்லவில்லை. ஆனால் லோயர் கிளறினால் வெளியே வந்துவிடும். நான் பிரெஞ்சில் ஒரே வரியில் சொன்னேன். நோவு தாங்க முடியவில்லையாம்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது இவ்வளவு கட்டையில்லையே மனே."

பிரெஞ்சு சுருக்கமான பாஷை அக்கா என்றேன். நான் பேசிய பொய்களில் அதைப்போல வெட்கங்கெட்டது வேறில்லை.

லோயர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு விஷயம் சொன்னார். காயப்பட்டவர் தன் காயத்தைக் குறைக்கத் தன்னால் முடிந்ததைச் செய்ய வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. செய்யாமல் விட்டால், அதனால் கூடிய பகுதிக்கு எதிர்த்தரப்புக் காசு தராது. பயிற்சியை ஒழுங்காகச் செய்திருந்தால் நியாயம் முழுவதும் எங்கள் பக்கம் இருந்திருக்கும், மிச்சமாக எவ்வளவு இயலாமை இருந்தாலும் அதற்கு முழுக்காசு கேட்டிருக்கலாம் என்றார். இது எனக்கே புதுச் செய்தி. இதை ஒரு சொல்லும் விடாமல் அக்காவுக்குச் சொன்னேன்.

அவர் மேசையிலிருந்த படத்தைப் பார்த்தார். அந்தக் குழந்தை அதற்குள் ஓடித்திரியத் தொடங்கி, படமும் மாறிவிட்டிருந்தது.

"அப்ப நான் ரெண்டு பேரையும்தான் கெடுத்துப்போட்டன்" என்றார்.

கோர்ட்டுக்குப் போகலாம், இன்னும் ஒரு வருடம் எடுக்கும், கூடவும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம், முடிவு உங்களுடையது, நான் எடுக்க முடியாது என்று லோயர் சொன்னார். நான் கோர்ட்டுக்குப் போவோம் என்று அக்காவிடம் மன்றாடினேன். அவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். தோற்றால் தம்பிக்கு ஒன்றும் இல்லையே. அந்த ஒரு வரியைத்தான் இரண்டு வருடத்துக்கு முன் நான் திறமாக மொழிபெயர்த்திருந்தேன்.

காசோலை வந்த அன்று மறுபடியும் அந்தப் படியேறினோம். லோயர் ஒரு தாளைக் காட்டினார். அன்றைக்கு நான் விழுங்கிய பட்டியல் முழுவதும் அதில் இருந்தது. டொக்டரின் அறிக்கை, கட்டணங்கள், எல்லாவற்றையும் அவர் இதுவரை தன் கையால் போட்டிருக்கிறார். அவை வேறு, அவருடைய முப்பது வேறு. வியர்த்து வழிய அதை அக்காவுக்குச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. தம்பி கையால் போட்டது தம்பிக்கு வரத்தானே வேண்டும் என்றார். அவருக்குத் தெரிய வேண்டியது வேறொன்று.

"பங்கு பிரிச்சாச்சா?"

"ஓம் அக்கா. பிரிச்சாச்சு."

"அப்ப இனி முடக்கலாமா எண்டு தம்பியிட்டக் கேள்."

இந்த முறை நான் கட்டையாக்கவில்லை. அவர் சொன்னபடியே கேட்டேன். லோயர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ வைத்திய சந்தேகம் என்று நினைத்திருக்க வேண்டும். நிச்சயமாக மடாம், ஆனால் டொக்டரையும் கேளுங்கள் என்று சொல்லி, எழுந்து நின்று கை கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். நல்ல மனிதர். தன் தொழிலை நேர்மையாகச் செய்தார். அவரில் பிழை சொல்ல நான் எவ்வளவோ முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

கீழே வந்ததும் அக்கா கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது வெறும் பகிடி, என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டேன். அழுதும் விட்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"பகிடியெண்டு அப்பவே தெரியும் மனே. சிரிச்சுக்கொண்டுதானே சொன்னாய். ஆனா நீ சொன்னது பொய்யா?"

வென்றால் லோயருக்குப் பங்கு என்பது, ஒன்றுமில்லாதவர் ஒருவருக்காகவும் வாதாட வைக்கிற நல்ல ஏற்பாடுதான். அது இல்லாவிட்டால் அக்கா அந்த லோயரின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. காயம் பெரிதானால் பங்கும் பெரிதாகும் என்பதும் உண்மைதான். இந்த இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு மற்றவர்களெல்லாம் எப்படி நித்திரை கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்த மாதிரி உடைவில் பயிற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் கால் விறைக்கத்தான் பார்க்கும் என்று பிறகு ஒரு டொக்டர் என்னிடம் சொன்னார். அக்கா உண்மையிலேயே நோவினால்தான் விட்டுவிட்டு, அதற்கு ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டாரோ?

அக்கா கைப்பைக்குள் இருந்து அந்தக் கடதாசியை எடுத்தார். சுவாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது, மடிப்பெல்லாம் கிழிந்துபோய். அதை விரித்து மடியில் வைத்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பத்து எண்ணு" என்றார்.

நான் எண்ணினேன். சப்பாத்துக் கடைக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் அக்கா பார்தோன் சொல்லிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு முடக்கினார். ஒன்றில் நின்ற இடத்திலேயே பத்திலும் கால் நின்றது.